இரண்டு பேருக்கு ஒரு தாச்சி: மரவள்ளியும் சின்ன இறாலும்

இரண்டு பேருக்கு இராச்சாப்பாடு செய்யும்போது காசு பெரும்பாலும் பழக்கத்திலேயே கரைகிறது. சோற்றுக்கு ஒரு பானை, மீன் ஆணத்துக்கு ஒரு சட்டி, இலைச்சுண்டலுக்கு ஒரு தாச்சி, சம்பலுக்கு அம்மி. ஆறு பேர் இருந்த வீட்டில் பழகிய கை, இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டிலும் இந்த நான்கையும் இழுத்து வைக்கும். மூன்று தடவை அடுப்பு எரியும், முழுத் தேங்காய் உடையும், விடிந்ததும் மிச்சம் கோழிக்குப் போகும்.

வாகரைப் பக்கத்தில் இரண்டு பேராக வாழ்கிறவர்களை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். பிள்ளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட, வளவில் தனித்திருக்கும் தாயும் தகப்பனும் இருக்கிறார்கள். கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் வந்த இளசுகள் இருக்கிறார்கள். கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்து, இரண்டு பேராக ஒரு அறை எடுத்து, ஒற்றை அடுப்பில் காலம் தள்ளும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு தாச்சி போதும். அந்த ஒன்றிலேயே வயிறும் நிறைய வேண்டும், வாய்க்கும் ருசியாக இருக்க வேண்டும்.

அதற்கு நான் தேர்ந்தெடுப்பது மரவள்ளிக் கிழங்கும் சின்ன இறாலும் போட்ட பாலாணம். மாங்கேணிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாழைச்சேனை, ஓட்டமாவடி தாண்டித் திருகோணமலை வீதியில் வாகரைக்குப் போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். கோறளைப்பற்று வடக்குப் பிரிவு. முந்திரித் தோட்டமும் கச்சானும் மரவள்ளியும் விளையும் மணல் நிலம். கடலும் களப்பும் சைக்கிளில் போய்வரும் தூரம். மரவள்ளிக்கு மணல் மண் நல்லது. கிழங்கு தடையில்லாமல் நீண்டு இறங்கும், பிடுங்கும்போது முறியாமல் வரும். இறால் களப்பிலிருந்து வருகிறது. இந்த இரண்டையும் சேர்க்கத் தேங்காய் ஒன்றுதான் தேவை.

மரவள்ளியைப் பஞ்சத்துச் சாப்பாடு என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 1970களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணி இல்லாமல் கூப்பன் அரிசி குறைந்தபோது, நாடு முழுக்க வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்குதான். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் சண்டையால் வாகரைச் சனம் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தது. கிடைத்ததை ஒரே பாத்திரத்தில் போட்டு அவித்துப் பகிர்ந்து தின்ற தலைமுறை இங்கே உயிரோடு இருக்கிறது. பிறகு 2022. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, அரிசி விலை தாறுமாறு. மறுபடியும் வளவு மூலையில் மரவள்ளித் தடி நட்டார்கள். கஷ்டம் வரும்போதெல்லாம் வந்து நின்ற சாப்பாட்டைப் பார்த்தால் அந்தக் கஷ்டமே ஞாபகம் வருவது இயல்பு. ஆனால் அந்த நாட்களில் அதைப் பெரும்பாலும் உப்போடு அவித்துத்தான் தின்றார்கள். தேங்காய்ப்பாலும் இறாலும் கண்ட மரவள்ளி வேறு சாப்பாடு. அதை விருந்தாளிக்கும் வைக்கலாம்.

முதலில் கிழங்கைப் பற்றி விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சமையலில் கவனம் வேண்டியது அங்கேதான்.

தோலோடு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, அதாவது 600 கிராம் வாங்கினால் இரண்டு பேருக்குச் சரி. பிடுங்கி அதே நாளில் சமைப்பது நல்லது. மரவள்ளி மண்ணுக்குள் மாதக்கணக்கில் பொறுத்திருக்கும், வெளியே வந்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் கெடத் தொடங்கும். கடையில் வாங்கும்போது நுனியைக் கொஞ்சம் முறித்துக் காட்டச் சொல்லுங்கள். சதை தூய வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமோ கறுப்போ கீற்றுக் கீற்றாக ஓடியிருந்தால் அது பழசு, வேண்டாம். வீட்டில் மரம் நிற்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வேண்டிய அன்று ஒரு மரத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மண்நிறத் தோலுக்குக் கீழே தடித்த இன்னொரு தோல் இருக்கும், சிலதில் இளஞ்சிவப்பாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து உரிக்க வேண்டும். நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுக் கத்தி நுனியை உள்ளே விட்டு நெம்பினால் உள்தோல் பட்டையாகக் கழன்று வரும். பிறகு நெடுக்காகப் பிளந்து நடுவில் ஓடும் நாரை எடுத்துவிட்டு, பெருவிரல் பருமனில் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். இதைச் சோம்பல் இல்லாமல் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு வெட்டுப்படும்போது அதிலிருந்து சயனைட் பிரியும். சதையைவிடத் தோலில்தான் அது அதிகம். நாம் சாப்பிடும் இனங்களில் அளவு குறைவு, அதற்காகப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. முறையாகச் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். சயனைட் வாயுவாகப் பறந்துபோக 26 பாகை செல்சியஸ் வெப்பமே போதும். லினமரின் தண்ணீரில் கரையும். எனவே சின்னத் துண்டுகளாக வெட்டி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டு, அடுப்பில் வைத்து மெதுவாகச் சூடேற்றி, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை முழுக்க வடித்து ஊற்றிவிட வேண்டும். மூடி போட்டால் கேஸ் மிச்சமாகும் என்று இந்த இடத்தில் மட்டும் நினைக்காதீர்கள். அவித்த பிறகும் ஒரு துண்டு கசந்தால் அந்தக் கிழங்கையே எறிந்துவிடுங்கள்.

மரவள்ளி தின்ற வாய்க்கு இஞ்சி ஆகாது என்று இலங்கையில் எந்த மூலைக்குப் போனாலும் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு அம்மம்மாக்கள் கட்டிக் காத்த கட்டளை அது. இந்த ஆணத்துக்கு இஞ்சி தேவையே இல்லை என்பதால் நானும் சேர்ப்பதில்லை. சாப்பிட்ட கையோடு இஞ்சித் தேநீரும் குடிப்பதில்லை.

இறாலுக்கு வருவோம். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் களப்புக்குள் வந்து வளரும். பிறகு மறுபடி கடலுக்குத் திரும்பும். மாரி மழையில் களப்பு நிரம்பி முகத்துவாரம் வெட்டுப்படும் காலத்தில் அது கூட்டமாக வெளியே நகரும். அந்த நாட்களில் விலை இறங்கும். கச்சான் காற்று வீசும் காலத்தில் இதே இறாலுக்கு நல்ல விலை கொடுக்க வேண்டியிருக்கும். எந்தக் காலமானாலும் பெரிய இறால் நமக்கு வேண்டாம். அது கொழும்புக்கும் கப்பலுக்கும் போகிற சரக்கு. காலையில் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

“பெரிசெல்லாம் கம்பனிக்காரங்க எடுத்திட்டாங்க அக்கா. சின்னதுதான் கிடக்கு.”

“சின்னதுதான் வேணும் தம்பி. கால் கிலோ போடுங்க.”

கால் கிலோ தாராளம். சுண்டுவிரல் அளவு இறால்தான் இந்த ஆணத்துக்கு ருசி. அது துண்டுகளுக்கு இடையில் பரவி நிற்கும், ஒவ்வொரு வாய்க்கும் ஒன்று அகப்படும். பெரிய இறால் என்றால் ஆளுக்கு நாலு வரும், எண்ணி எண்ணித் தின்ன வேண்டும். வாங்கும்போது தலை உடலோடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தலை தொங்கினாலும் கறுத்திருந்தாலும் நாள்பட்டது. கோது உரித்து, முதுகு நரம்பை எடுத்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி வையுங்கள். தலைகளைக் கழுவித் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

இந்தச் சாப்பாட்டில் கை நிறையக் காசு கேட்பது தேங்காய்தான். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றது. தென்னை நிற்கும் வளவுக்காரர்கூட விற்கலாமா உடைக்கலாமா என்று யோசித்த காலம் அது. இரண்டு பேருக்கு அரைத் தேங்காய் போதும். கண் உள்ள பாதியை இன்றைக்குத் திருவுங்கள், அதுதான் முதலில் பழுதாகும். மற்றப் பாதியின் உட்புறத்தில் உப்புத் தடவி வைத்தால் நாளைக்கு உதவும். திருவிய தேங்காய்ப்பூவில் அரைக் கோப்பை இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிசைந்து முதற்பாலைத் தனியே எடுங்கள். பிறகு ஒன்றரைக் கோப்பை நீர் விட்டு, கை வலிக்கும்வரை பிசைந்து இரண்டாம் பாலை எடுங்கள். ருசியும் கெட்டியும் முதற்பாலில் இருக்கிறது, வேகிறதுக்கான ஈரம் இரண்டாம் பாலில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுகிறவர்கள் அரைத் தேங்காயில் கால் தேங்காயின் பலனைத்தான் பெறுகிறார்கள். அறையில் திருவலை இல்லாத ஆசிரியைகள் தேங்காய்ப்பால் மாவில் மூன்று மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளலாம். அதிலும் ஒரு கரண்டியைக் கெட்டியாகக் கரைத்துக் கடைசிக்கு வைக்க வேண்டும்.

மற்றச் சாமான் எல்லாம் சில்லறை. சின்ன வெங்காயம் எட்டு, உள்ளி நாலு பல்லு, பச்சைக் கொச்சிக்காய் மூன்று, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கடுகு கொஞ்சம், மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, விரல் நீள ரம்பைத் துண்டு, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், அரைத் தேசிக்காய், உப்பு. வேலியோரம் முருங்கை நின்றால் இலை ஒரு பிடி உருவிக்கொள்ளுங்கள். கறித்தூள் போடலாமா என்று கேட்பார்கள். போட்டால் எந்தக் கறியைப் போலவும் ஆகிவிடும். இறாலின் இனிப்பும் கிழங்கின் மணமும் வெளியே தெரிய வேண்டுமென்றால் வெள்ளையாக, மஞ்சள் சாயல் மட்டும் தெரியும்படி விடுங்கள். உறைப்புக்குக் கொச்சிக்காய் இருக்கிறது.

தாச்சி அகலமாகவும் இரண்டு லீற்றர் கொள்ளும் ஆழத்தோடும் இருக்கட்டும். தடித்த அலுமினியம் நல்லது. இரும்புத் தாச்சியில் தேசிப்புளி பட்டால் ஆணம் கறுத்து, வாயில் இரும்புச் சுவை தட்டும். மெல்லிய தகரத் தாச்சியில் பால் அடிப்பிடிக்கும். மண்சட்டி இருந்தால் அதைவிடச் சிறப்பு, நேரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகும்.

இனி அடுப்பு. வெட்டிய கிழங்கைத் தாச்சியில் போட்டு, இரண்டு விரல் மேலே நிற்கத் தண்ணீர் விட்டு, உப்பும் மஞ்சளில் பாதியும் சேர்த்து, மூடாமல் அவியுங்கள். கொதி வந்த பிறகு 15 நிமிடம், முற்றிய கிழங்கென்றால் 20. அந்த நேரத்தில் வெங்காயம் வெட்டலாம், தேங்காய் பிழியலாம். ஈர்க்கில் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு கரையக் கூடாது. தண்ணீரை வடித்துவிட்டு, கிழங்கைச் சாப்பிடப் போகும் கோப்பையிலேயே கொட்டி வையுங்கள். கழுவ இன்னொரு பாத்திரம் சேராது.

அதே தாச்சியை மறுபடி அடுப்பில் வைத்து ஈரம் காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள். முதலில் இறால் தலைகள். இரண்டு நிமிடம் புரட்டி, அகப்பையின் முதுகால் அழுத்திவிட்டால் தலைக்குள் இருக்கும் கொழுப்பு எண்ணெயில் இறங்கி, எண்ணெய் செம்மஞ்சளாகும். தலைகளை அரித்து எடுத்துவிடுங்கள். கால் கிலோ சின்ன இறாலில் ஒரு கிலோ இறாலின் மணம் வருவது இந்த இரண்டு நிமிடத்தால்தான். குசினி முழுக்க மணக்கும், பக்கத்து வளவுக்கும் போகும்.

அந்த எண்ணெயில் இறாலைப் போட்டு, சுருண்டு நிறம் மாறியதும் உடனே எடுத்துக் கிழங்குக்கு மேலே வைத்துவிடுங்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. இறாலை ஆணத்தோடு சேர்த்துக் கடைசிவரை கொதிக்கவிட்டால் அது சவ்வாகிவிடும். ஒரே தாச்சிச் சமையலில் சாமான் எல்லாம் ஒன்றாகக் கிடந்து வேக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எது எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரம் மட்டும் அது நெருப்பில் இருக்க வேண்டும். கிழங்குக்கு 20 நிமிடம், இறாலுக்கு இரண்டு, முருங்கை இலைக்கு ஒன்று. முன்பின் ஒழுங்கு சரியாக இருந்தால் ஒரு தாச்சிக்குள் மூன்று தாச்சியின் வேலை நடக்கும்.

மிஞ்சிய எண்ணெயில் கடுகு வெடிக்க, வெந்தயம், வெங்காயம், உள்ளி, கீறிய கொச்சிக்காய், கறிவேப்பிலை, ரம்பை. வெந்தயம் கறுக்க விடாதீர்கள், கசந்துவிடும். வெங்காயம் வாடியதும் கிழங்கு, மீதி மஞ்சள், இரண்டாம் பால். நெருப்பைக் குறைத்து ஐந்தாறு நிமிடம். இப்போது நாலைந்து துண்டுகளை அகப்பையால் தாச்சியின் ஓரத்தில் வைத்து மசித்துவிடுங்கள். மா சேர்க்காமலே ஆணம் தடிக்கும். உப்புப் பார்த்து, முதற்பாலை விட்டு, முருங்கை இலையையும் இறாலையும் சேர்த்து, ஓரத்தில் ஒரு கொதி தெரிந்ததும் இறக்குங்கள். முதற்பால் குமுறக் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். தேசிப்புளி விடுவது இறக்கி ஒரு நிமிடம் கழித்துத்தான். நெருப்பில் இருக்கும்போது புளி விட்டால் பால் உடைந்துவிடும்.

எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம். ஆணம் கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழியும் பதத்தில் இருக்கும். சோறு தேவையில்லை, கிழங்கே சோறு. அகலமான கோப்பையில் அள்ளிப் போட்டு, மேலே பச்சை வெங்காயம் நாலு துண்டு தூவிக் கையால் சாப்பிடுங்கள். ஆறினால் இறுகிவிடும், சூட்டோடு சாப்பிட வேண்டிய சாமான்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஒக்டோபருக்கு முன்பு 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாயானது. அதன் பிறகு கேஸ் அடுப்பு வைத்திருக்கிற வீட்டிலும் கொல்லையில் மூன்று கல் வைத்தார்கள், அந்தக் கல் பல வீடுகளில் இன்னும் கிடக்கிறது. கிழங்கு அவியும் 20 நிமிடத்தைக் கல்லடுப்பில் முடித்துவிட்டு, தாளிப்புக்கு மட்டும் கேஸைத் திறந்தால் செலவு பாதிக்கும் கீழே வரும். தேங்காய் பிழிந்த வீட்டில் சிரட்டை இருக்கும், அது காய்ந்தால் நின்று எரியும் நெருப்பு.

இறால் கிடைக்காத நாளில் சாப்பாட்டைக் கைவிட வேண்டாம். கூனிக் கருவாடு ஒரு பிடி எடுத்துத் தாச்சியில் வறுத்து, மணல் போகக் கழுவிச் சேர்த்தால் இறாலைவிட மலிவாக முடியும். உப்பை மட்டும் கடைசியில் பார்த்துப் போடுங்கள். முட்டை என்றால் இரண்டை ஆணம் கொதிக்கும்போது நேரே உடைத்து ஊற்றி, கலக்காமல் நாலு நிமிடம் மூடி வையுங்கள். டின் மீன் போடுகிறவர்களும் உண்டு. அதன் மணம் கிழங்கை அமுக்கிவிடும் என்பது என் எண்ணம், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மச்சம் தவிர்க்கும் நாளில் மைசூர்ப் பருப்பு ஒரு பிடியை இரண்டாம் பாலோடு வேகவிட்டு, முருங்கை இலையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிழங்குக்குப் பதிலாக ஈரப்பலாக்காயோ பூசணியோ போடலாம். அவற்றுக்கு முதலில் அவித்து வடிக்கும் வேலை இல்லை. நேரே இரண்டாம் பாலில் வேகவிடலாம், 15 நிமிடம் மிச்சம்.

இரண்டு பேருக்கு ஒரு கிழங்கு பெரிதாகிப் போனால், வேண்டாத பாதியைத் தோல் உரிக்காமல் ஈர மணலில் புதைத்து வையுங்கள், ஒருநாள் இரண்டுநாள் தாங்கும். உரித்துவிட்டதென்றால் தண்ணீரில் முங்கப் போட்டு, அடுத்த நாள் காலையில் தண்ணீர் மாற்றி அவித்து, மிச்சமிருக்கும் பாதித் தேங்காயில் கொச்சிக்காய்ச் சம்பல் இடித்து, தேத்தண்ணியோடு சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.